அம்மாவுக்கு யார் முதலாளி?

1

நான் நெதர்லாந்துக்கு வந்து ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதும் குறிப்பு என்றால் பனி, தனிமை, ரசத்துக்கு ஏங்குவது எல்லாம் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். ரசம் நானே வைத்துக்கொள்கிறேன். பனி பழகிவிட்டது. பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள் என்று புலம்பலாம் என்றால் எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அதற்காகப் புலம்ப ஊரிலேயே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக.

நான் இருப்பது என்ஸ்கடே என்ற ஊரில். ஜெர்மனி எல்லைக்குச் சைக்கிளில் போய்விடலாம். ஒரு காலத்தில் பஞ்சாலையும் தறியுமாக இருந்த ஊராம். அந்தக் கட்டடங்களில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள், அலுவலகங்கள் நடக்கின்றன. என் அலுவலகமும் அப்படி ஒரு பழைய ஆலைக்குள்தான் இருக்கிறது. முதல் நாள் என்னைச் சுற்றிக் காட்டியவர், "இந்த இடத்தில் தறிகள் ஓடியபோது எவ்வளவு சத்தமாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்" என்றார். நான் யோசிப்பதுபோலத் தலையை ஆட்டினேன்.

ஐந்து வருஷம் முடித்தவர்கள் இங்கே நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். அதற்கு டச்சு மொழித் தேர்வில் தேற வேண்டும். பேச்சுத் தேர்வில் கம்ப்யூட்டர் கேள்வி கேட்கும், நாம் மைக்கைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதற்காகச் சனிக்கிழமை காலைகளில் ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் பயிற்சியில் இந்தக் கேள்வி வந்தது: உங்கள் அம்மா என்ன வேலை செய்கிறார்?

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் அம்மா வேலைக்குப் போவதில்லை, இல்லத்தரசி" என்று சொன்னேன். வினைச்சொல்லைச் சரியான இடத்தில் வைத்துவிட்டேன் என்று ஆசிரியை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வகுப்பு முடிந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது. இதே பொய்யை நான் மூன்றாவது மொழியில் சொல்லியிருக்கிறேன்.

2

எங்கள் ஊர் சோமனூருக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் தறிக்குடோன். குடோன் என்றால் சரக்கு அடுக்கும் இடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் பக்கம் விசைத்தறி ஓடும் கொட்டகைக்கு அதுதான் பெயர். எட்டுத் தறி. நீளவாக்கு இழை சுற்றிய பாவும் குறுக்கு நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். நெய்த துணியும் அவருக்கே போகும். நெய்து கொடுப்பதற்கு எங்களுக்குக் கூலி. காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரைக்கும் அம்மா ஓட்டுவார், அதற்கு மேல் அப்பா. எட்டுத் தறிக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். குறுக்கு நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும், இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிய வேண்டும். இடையில் சோறும் அம்மாதான் ஆக்குவார்.

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க அப்படியே ஷிப்டிலிருந்து வந்திருந்தார். தலைமையாசிரியர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்பா தறி ஓட்டறாரு. நீங்க ஊட்டுல சும்மாதானம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். அம்மா, "ஆமாங்க" என்று தலையாட்டினார். அவர் எழுதிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, பெருமைதான். தெருவிலும் பேனா பிடித்துப் படிவம் நிரப்பத் தெரிந்த ஆள் ரொம்ப நாளைக்கு நான் ஒருத்திதான். ரேஷன் கார்டு, பேங்க் கணக்கு, உதவித்தொகை, வருமானச் சான்றிதழ் என்று எது வந்தாலும் ஆறாம் வகுப்பிலிருந்தே என்னிடம்தான் வரும். "ஏனுங் அம்மணி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுத்துருங்" என்று என்னைவிட முப்பது வயது மூத்தவர்கள் வந்து நிற்பார்கள். ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் ஆண்களுக்கு விசைத்தறி என்று எழுதுவேன். பெண்களுக்கு யாரையும் கேட்காமலே இல்லத்தரசி என்று எழுதிவிடுவேன். அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். நன்றாகப் படித்தவள் இல்லையா.

அந்தத் தெருவில் தறி ஓட்டிய அத்தனை பெண்களையும் சும்மா இருப்பவர்கள் ஆக்கியது என் கையெழுத்து.

3

என் வேலை என்னவென்று ஊரில் கேட்டால் விளக்குவது கஷ்டம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சட்டை இருக்கிறது. அதன் பஞ்சு எங்கே விளைந்தது, நூல் எங்கே நூற்றது, யார் நெய்தது, யார் சாயம் போட்டது என்று வாங்குகிறவர் கேட்டால் சொல்ல முடிய வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் இதை அதனதன் வழியில் எழுதி வைத்திருக்கும். ஒருவர் நெசவாளி என்பதை இன்னொருவர் தொழிலாளி என்பார், வேறொருவர் எழுதவே மாட்டார். இவர்களுடைய கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால், எது எது இருக்கிறது, எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று எல்லோரும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நூல் என்றால் இது. தறி என்றால் இது. நெசவாளி தறியில் வேலை செய்கிறார். தறி ஒரு கூடத்தில் இருக்கிறது. இந்த ஒப்பந்தத்துக்கு ஆன்டாலஜி என்று பெயர். அதை எழுதித் திருத்துவதுதான் என் வேலை.

இது எழுதி முடித்து அச்சுக்கு அனுப்பும் சமாசாரம் இல்லை. புது இழை வரும், புதுச் சட்டம் வரும், நேற்று எழுதியது இன்றைக்குப் பொருந்தாது. எழுதுவதும் ஓர் ஆள் இல்லை. போர்ச்சுகல், துருக்கி, வங்கதேசம், இந்தியா என்று பல இடங்களில் இருந்து சேர்ந்து எழுதுகிறோம். யார் வேண்டுமானாலும் ஒரு மாற்றத்தை முன்வைக்கலாம். என்ன மாற்றம், ஏன், உதாரணம் என்ன, முன்வைப்பவர் யார் என்று குறிப்பு எழுத வேண்டும். அதன் கீழே மற்றவர்கள் வாதாடுவார்கள். ஒப்புக்கொண்டால் உள்ளே போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பூட்டிப் புதுப் பதிப்பு வெளியிடுவோம். குறிப்புகளை மட்டும் யாரும் அழிக்க முடியாது. எந்த விதியை யார் எழுதினார் என்பது என்றைக்கும் கிடக்கும்.

அப்பாவிடம் முதலில் இதைச் சொன்னபோது, "அப்படின்னா பேரு வைக்கிற வேலைன்னு சொல்லு" என்றார். ஐந்து வருஷத்தில் அதைவிட நல்ல விளக்கம் எனக்கு அகப்படவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை பரீதா கூப்பிட்டாள். பரீதா கோயம்புத்தூர் கோட்டைமேட்டுப் பெண், அவள் அப்பா துணி வியாபாரி. எங்கள் திட்டத்துக்காகச் சோமனூர், பல்லடம் பக்கம் ஸ்கூட்டரில் குடோன் குடோனாகப் போய் டேப்லெட்டில் விவரம் ஏற்றுகிறவள்.

"அக்கா, உங்க சிஸ்டத்துக்கு என்னையக் கண்டா ஆகாதுங்களா?"

"என்ன ஆச்சு பரீதா?"

"ஒரே தெருவுல பதினோரு குடோனுங்க. பதினொண்ணும் செவப்பு காட்டுது. ஊட்டுக்காரரை ஓனருன்னு போட்டேன். அந்த அக்கா தறி ஓட்டுறாங்க, அவங்களைத் தொழிலாளின்னு போட்டேன். இவங்க மொதலாளி யாருன்னு கேக்குது. யாரும் இல்லீன்னா ஒத்துக்க மாட்டேங்குது. செரின்னு அவங்களை எடுத்துட்டேன். இப்ப ஒத்தை ஆளு எட்டுத் தறிய ரெண்டு ஷிப்ட் எப்படி ஓட்டுறாருன்னு கேக்குது. ஆள மறைச்சு வெச்சிருக்காங்கன்னு செவப்புல தள்ளிருச்சு."

"ம்."

"மறைச்சு வெச்ச ஆளு எனக்கு மோர் குடுத்துட்டுப் பக்கத்துலயேதான் நிக்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் தறிச் சத்தம் கேட்டது. எட்டுத் தறி.

"எந்தத் தெரு?" என்றேன்.

"என்னக்கா கேள்வி? உங்க தெருதான். மோர் குடுத்தது உங்கம்மா."

சிவப்பு என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த பதிப்பு வெளியானதும் துணி வாங்கும் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் சிவப்புக் குடோன்களைப் பட்டியலிலிருந்து தாமாகவே எடுத்துவிடும். பட்டியலில் இல்லாத குடோனுக்கு ஜவுளிக்காரர் பாவு இறக்க மாட்டார். பாவு வராத தறி நிற்கும். பதிப்பைப் பூட்ட இருந்தது அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. தவறவிட்டால் இன்னும் ஆறு மாதம்.

4

அந்த விதியைத் தேடி எடுத்தேன். "ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு முதலாளி உண்டு. முதலாளி இல்லாதவர் என்றால் அவரே உரிமையாளராக இருக்க வேண்டும். ஒரு கூடத்துக்கு ஓர் உரிமையாளர்." எங்கள் குடோனின் கரண்ட் மீட்டர் அப்பா பெயரில் இருக்கிறது, அதனால் உரிமையாளர் அவர். இந்த மூன்று வாக்கியத்தில் அம்மா நிற்க இடம் இல்லை.

எந்த மடையன் எழுதினான் என்று பார்க்கக் குறிப்பைத் திறந்தேன்.

பூங்கொடி என்று இருந்தது.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் நான் முன்வைத்த முதல் மாற்றம் அது. வீட்டில் உள்ளவர்களைத் தொழிலாளி என்று கொள்வதா வேண்டாமா என்று அப்போது ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. நான் நடுவில் புகுந்து தீர்த்துவைத்திருக்கிறேன். உதாரணம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "தென்னிந்திய விசைத்தறிக் கூடங்களில் வீட்டுப் பெண்கள் அவ்வப்போது ஒத்தாசை செய்வார்கள். அவர்கள் தொழிலாளிகள் அல்லர். நான் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறேன்."

அவ்வப்போது ஒத்தாசை.

கீழே பாராட்டுகள். "நேரடி அனுபவம் உள்ள ஒருவர் நம்மிடம் இருப்பது நம் பாக்கியம்" என்று எங்கள் குழுத் தலைவி மரைக்கே எழுதியிருந்தார். அந்த வாக்கியத்தை அன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்பாவுக்கு அனுப்பியது நினைவுக்கு வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. டீக்கடையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, ஆனால் வேலை செய்யத் தோதான கோபம்.

5

மரைக்கே நல்ல மனுஷி. மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் சீஸும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவார், மழையிலும் சைக்கிள்தான். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வருஷம் ஆனது. இப்போதும் மனசுக்குள் "மரைக்கேங்க" என்றுதான் வரும்.

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் மூன்று சொன்னார்.

முதலாவது, ஐந்து வருஷ விவரமும் இந்த விதியின் மேல் நிற்கிறது. இரண்டாவது, முதலாளி இல்லாத தொழிலாளி என்று ஒரு வகையைத் திறந்துவிட்டால் பெரிய ஆலைகள் தங்கள் ஆட்களை எல்லாம் அதற்குள் தள்ளிவிட்டு, இவர்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கை கழுவிவிடும். இது உண்மையான பயம். மூன்றாவதை அவர் தயங்கித்தான் சொன்னார்.

"உங்கள் வீடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்களுக்கு இதில் சொந்த லாபம் உண்டு. நீங்கள் முன்வைப்பது சரியாக இருக்காது."

"ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் வீட்டை உதாரணமாகக் காட்டி அவர்கள் தொழிலாளி இல்லை என்று எழுதினேனே. அன்றைக்கு எனக்குச் சொந்த லாபம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. பாக்கியம் என்றீர்கள்."

அவர் முகம் சிவந்தது. கோபம் இல்லை, அவருக்கு வெட்கப்படத் தெரியும். பிறகு ஒரு வழி சொன்னார். "விதியைத் தொடவே வேண்டாம். கணவரை மனைவிக்கு முதலாளி என்று பதிந்துவிடுங்கள். எல்லாக் கட்டமும் நிரம்பும், சிவப்பு போய்விடும். ஒரே மதியத்தில் முடியும்."

சரியாகத்தான் சொன்னார். பரீதாவும் இதையேதான் கேட்டிருந்தாள், "அப்படிப் போட்டுப்போடட்டுமாக்கா?" என்று. தறி நிற்காமல் இருக்க வேண்டும், அதுதானே முக்கியம் என்று எனக்கும் தோன்றியது. எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அடுத்த நாள் காலை அலுவலகம் கிளம்பும் முன் கூப்பிட்டேன். அங்கே மதியம், அம்மாவின் ஷிப்ட். அப்பா எடுத்தார். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அதுக்கென்ன அம்மணி, அப்படியே போட்டுரு. எழுத்துக்குத்தான?"

"என்னன்னு போடறது?" என்று அம்மாவின் குரல் தள்ளிக் கேட்டது.

"நீ எங்கிட்ட வேலை செய்யறேன்னு."

ஒரு தறி நின்றது. அடுத்தது நின்றது. ஒவ்வொன்றாக எட்டும் நின்றன. பகலில் எங்கள் வீட்டில் அந்த அமைதியைக் கரண்ட் போனபோது மட்டும்தான் கேட்டிருக்கிறேன். எனக்கு இங்கே வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோதுகூட அம்மா ஓடுகிற தறிக்கு நடுவில் நின்றுதான் கேட்டார்.

"ஏனுங், நான் உங்ககிட்ட வேலைக்கா வந்தேன்? இந்த ஊட்டுக்கு நான் வந்தப்ப உங்களுக்குத் தார் மாத்தத் தெரியுமா? இழை அறுந்தா கையக் கட்டிட்டு நின்னவருதான நீங்க? பாவு பிணைக்கறதுக்கு யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"அட, எழுத்துக்குத்தான் சொல்றேன் புள்ள."

"எழுத்துக்குன்னா நான் உங்களுக்கு மொதலாளின்னு எழுதச் சொல்லுங்க."

அப்பா சிரித்துவிட்டார். "அதுவும் நெசந்தான்."

"சிரிக்காதீங்க. கண்ணு, நீ கேளு. உங்கொப்பனை எனக்கு மொதலாளின்னு போட்டயின்னா தறிய நிறுத்திப்போட்டு வெள்ளகோயில்ல எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். அவரே எட்டையும் ஓட்டட்டும். ஆமா, இந்தச் சட்டத்தை யாரு எழுதுனது?"

போனை வைத்துவிடலாமா என்று இருந்தது.

"நாந்தாங்கம்மா."

"என்னன்னு எழுதுனே?"

"நீங்க வேலை செய்யறதில்லைன்னு."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"உன்னையப் பள்ளிக்கோடத்துல சேத்தறப்ப நானே தலைய ஆட்டிப்போட்டேன்" என்றார் அம்மா. "உன்னையச் சொல்லி என்ன? அந்த வாத்தியாருகிட்ட எதுத்துப் பேச அன்னிக்கு எனக்கு வாயில்ல. உனக்கு இருக்குதல்லோ? மாத்து. சோலி கெடக்குது, வெச்சுடறேன்."

தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்த சத்தத்தோடு போன் அணைந்தது.

6

மாற்றுக் குறிப்பை மூன்று நாள் எழுதினேன். என் முதல் வாக்கியம் இது: "இதனால் பயன்பெறும் பதினோரு கூடங்களில் ஒன்று என் வீடு." இரண்டாவது வாக்கியம்: "இப்போதுள்ள விதியை எழுதியவள் நான். அது தவறு." மறைத்தால்தானே சொந்த லாபம் என்று பேச வரும்? எல்லாவற்றையும் வாசலிலேயே போட்டுவிட்டேன்.

நான் கேட்டது ஒரு புது வகை. உடன் நெய்பவர். ஒரே கூடத்தில் இரண்டு பேர் தறிகளையும் ஷிப்டையும் பங்கிட்டுக்கொண்டு வேலை செய்யலாம். ஒருவர் மற்றவருக்கு முதலாளி இல்லை. மீட்டர் யார் பெயரில் இருந்தாலும் சரி.

மரைக்கேயின் இரண்டாவது கேள்விக்குப் பதில் எங்கள் குடோன் வேலை நடக்கும் முறையிலேயே இருந்தது. பாவு கொடுப்பது ஜவுளிக்காரர், கூலியை முடிவு செய்வது அவர், துணி அவருடையது. அப்படியென்றால் பொறுப்பும் அவரிடம் இருக்கட்டும். பாவு கொடுத்தவர் பெயர் இல்லாமல் உடன் நெய்பவர் பெயர் ஏறக் கூடாது என்று எழுதினேன். ஆலைக்காரர்கள் தங்கள் ஆட்களை இதற்குள் ஒளித்துவைக்க முடியாது. ஒளித்தால் பாவு கொடுத்தவர் என்று அவர்களே தங்கள் பெயரை எழுதியாக வேண்டும்.

உதாரணம் என்ற இடத்தில் அம்மா சொன்னதை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டேன், வெள்ளகோயில் அண்ணன் வீடு உட்பட.

வாதம் சூடாக நடந்தது. குடும்பச் சண்டையை ஆன்டாலஜிக்குள் கொண்டுவருகிறார் என்று ஒருவர் எழுதினார். குடும்பத்தை முதலில் உள்ளே கொண்டுவந்தது பழைய விதி, நான் வெளியே எடுக்கிறேன் என்று பதில் எழுதினேன். துணி வாங்கும் கம்பெனிகளின் ஆட்களுக்குப் பாவு கொடுத்தவர் பெயர் கேட்பது பிடிக்கவில்லை. ஜவுளிக்காரர்கள் பெயர் தர மாட்டார்கள் என்றார்கள். தறி ஓட்டுகிறவர் தன் பெயர், ஊர், ஷிப்ட் எல்லாம் தரும்போது அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டேன். மரைக்கே இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. என்னோடு சாப்பிட மட்டும் வந்து உட்கார்ந்தார், சீஸ் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தார். இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை போர்ச்சுகலிலிருந்து இனேஸ் எழுதினார். ஐந்து வருஷமாகப் பெயர் மட்டும் தெரியும், முகம் பார்த்ததில்லை. "என் மாமியார், வீட்டின் கீழ்த்தளத்தில் முப்பது வருஷம் தையல் மெஷின் ஓட்டினார். இந்த விதிப்படி அவர் இல்லை. நான் இதை ஒவ்வொரு பதிப்பிலும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். மாற்றத்தை ஆதரிக்கிறேன்." அதன் கீழே ஒன்றன்பின் ஒன்றாக ஆதரவு வந்தது. கடைசியில் மரைக்கே. "முன்வைத்தவருக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. அதனால்தான் இது சரியாக இருக்கிறது" என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை பூட்டினோம். உடன் நெய்பவர் உள்ளே போனார். பாவு கொடுத்தவர் பெயர் கட்டாயம் என்பதும் நின்றது. அவர் பொறுப்பு என்ற சொல்லை மட்டும் அடுத்த பதிப்புக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். நான் மறந்துவிடுவேன் என்று நினைத்திருந்தால் அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை.

பழைய குறிப்பு அப்படியே இருக்கிறது. என் பெயரும் அவ்வப்போது ஒத்தாசையும் அங்கே கிடக்கும். அழிக்க வழியில்லை என்று ஒருமுறை வருத்தப்பட்டேன். இப்போது இல்லை. யாராவது படித்தவள் புதிதாக வந்து தன் அம்மாவைப் பற்றித் தீர்ப்பு எழுதப் போகும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

7

மொழித் தேர்வுக்குப் போனேன். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கம்ப்யூட்டர் கேட்கவே இல்லை. அதற்காக ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், விடுவேனா? வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டது. "வார இறுதியில் என் அம்மாவோடு பேசுவேன். அவர் நெசவாளி. எட்டுத் தறி ஓட்டுகிறார். அவருக்கு முதலாளி கிடையாது" என்றேன். நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தது. தேறிவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் பரீதா மறுபடி எங்கள் தெருவுக்குப் போனாள். எங்கள் வீட்டில் நின்று கூப்பிட்டாள். வீடியோவில் அம்மா தெரிந்தார். வழக்கமாகத் தறிக்குப் போகும்போது கட்டும் சேலைதான். தலையில் பஞ்சு.

"போட்டோ எடுக்கறேங்க, தலையத் தொடச்சுக்கறீங்களா?" என்றாள் பரீதா.

"இருக்கட்டும். நெய்யறவளுக்குப் பஞ்சு இல்லாம எப்படி இருக்கும்?"

பெயர் ஏறியது. உடன் நெய்பவர் என்பது ஏறியது. பாவு கொடுத்தவர் பெயரை அப்பா எழுத்துக் கூட்டிச் சொன்னார், ஏறியது. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. பரீதா, "அக்கா, பச்சை! பச்சை!" என்று குதித்தாள். பக்கத்துக் குடோன் அக்காக்கள் இரண்டு பேர், "எங்களுக்கு எப்பம்மா?" என்று எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கிங்க" என்றாள் பரீதா. "எந்த வருசத்துல இருந்து தறி ஓட்டறீங்க?"

அப்பா, "குடோன் போட்ட வருசத்தைப் போட்டுக்க அம்மணி" என்றார்.

"அதுக்கு முந்தி எங்கப்பன் ஊட்டுல ஓட்டுனது தறி இல்லீங்களா?" என்றார் அம்மா. "பாவாடை கட்டிட்டு ஓட்டுனேன். பன்னண்டு வயசு எனக்கு. அந்த வருசத்தைப் போடு கண்ணு."

பரீதா விரல் விட்டு எண்ணிப் பார்த்துப் போட்டாள். டேப்லெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மறுக்காச் செவப்புங்க. குடோன் தொடங்கறதுக்கு முன்னாடி இவங்க எப்படி வேலை தொடங்கியிருக்க முடியும்னு கேக்குது. குடோன் வருசத்தையே போட்டுரலாங்களா?"

அந்த விதியும் எனக்குத் தெரியும். தேதிகள் குழம்பாமல் இருக்க நியாயமாகத்தான் எழுதியிருக்கிறோம். ஓர் ஆளின் வேலை ஒரு கூடத்தோடு தொடங்கி ஒரு கூடத்தோடு முடிகிறது என்று எழுதியிருக்கிறோம்.

அம்மா தறியைப் பார்த்துத் திரும்பி நடந்துகொண்டே சொன்னார்.

"செவப்புன்னா உங்கக்காள மாத்தச் சொல்லு. என்ற வருசத்தை நான் மாத்தறதா இல்ல."

தறி ஓட ஆரம்பித்தது. பரீதா, "கேட்டுதுங்களாக்கா?" என்று கத்தினாள். கேட்டது. நான் புது மாற்றுக் குறிப்பு ஒன்றைத் திறந்தேன். முன்வைப்பவர் என்ற இடத்தில் என் பெயர். உதாரணம் என்ற இடத்தில் எழுதினேன்: ருக்குமணி, நெசவாளி, பன்னிரண்டு வயதிலிருந்து.